தோற்றவரின் பெட்டி எங்கே போகிறது? தேர்தலில் நின்ற பால்புதுமையினரும் அவர்கள் விட்டுப்போன காகிதங்களும்

கோப்புக்கிறுக்கன் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது, இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் தேர்தலில் நின்ற வரலாற்றைப் பற்றி யாரைக் கேட்டாலும், சான் ஃபிரான்சிஸ்கோ நகர மேற்பார்வையாளர் சபைக்கு ஜெயித்த தன்பாலீர்ப்பாளர் ஹார்வி மில்க்கில் தொடங்கி ஹார்வி மில்க்கிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அவர் ஜெயிப்பதற்குப் பதினாறு வருடம் முன்னால், 1961-இல், அதே சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹோசே சாரியா என்பவர் நகர மேற்பார்வையாளர் சபைக்கு நின்றார். பிளாக் கேட் என்கிற மதுக்கூடத்தில் பெண் வேடமிட்டுப் பாடிக்கொண்டிருந்தவர். காலி இடம் ஐந்து. மனுத்தாக்கலின் கடைசி நாளில் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்கூடத் தேறவில்லை, அப்படியே விட்டால் போட்டியே இல்லாமல் சாரியா உள்ளே வந்துவிடுவார். பதறிப்போய் ஆள் பிடித்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் 34 பேர் மனுப் போட்டிருந்தார்கள்! கடைசியில் சாரியாவுக்கு ஒன்பதாவது இடம், 6,000-ஐ ஒட்டி ஓட்டு. தோல்விதான், ஆனால் இவர்களுக்கென்று ஓட்டு இருக்கிறது என்பதை அந்த நகரத்து அரசியல்வாதிகள் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

என் கேள்வி இதுதான். ஜெயித்தவருக்கு அலுவலகம் உண்டு, உதவியாளர் உண்டு, பதவி முடிந்ததும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் வந்து பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போகும். தோற்றவர்? பிரசாரத்துக்கு வாடகைக்கு எடுத்த அறையை அந்த வாரமே காலி பண்ண வேண்டும். மிஞ்சிய துண்டறிக்கை, கணக்கு நோட்டு, யார் யார் வீடு வீடாகப் போனார்கள் என்ற பட்டியல், இதெல்லாம் எங்கே போகிறது? ஜெயித்தவரின் பெட்டியைவிடத் தோற்றவரின் பெட்டிதான் அதிகம் பேசும் என்பது என் கட்சி. எந்தக் காப்பகத்தில் எது இருக்கிறது, எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேசைவிளக்கு

நல்ல கேள்வி. சாரியா விஷயத்தில் பயப்பட வேண்டாம், அவருடைய காகிதங்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் 1985-இல் தொடங்கிய ஜிஎல்பிடி (தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர்) வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. மனிதர் 2013 வரை வாழ்ந்தார், தன்னைப் பற்றிய எதையும் தூக்கிப் போடுகிற ஆளும் இல்லை. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மில்க்கை நீங்கள் அவசரப்பட்டுத் தள்ளிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவரே உங்கள் கட்சிக்காரர்தான். 1973-இல் தோல்வி, 1975-இல் தோல்வி, 1976-இல் மாநில சட்டமன்றத்துக்கு நின்று அதிலும் தோல்வி. நாலாவது தடவை, 1977 நவம்பரில்தான் ஜெயித்தார். பதவியில் இருந்தது ஒரு வருடம்கூடக் கிடையாது, 1978 நவம்பர் 27 அன்று நகர மன்றக் கட்டடத்திலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஆக, அவருடைய அரசியல் வாழ்க்கையில் பெரும்பகுதி தோற்றவரின் வாழ்க்கைதான்.

அந்தக் காகிதங்கள் பிழைத்த கதையைக் கேளுங்கள். பாதுகாத்தவர் ஸ்காட் ஸ்மித். மில்க்கின் ஒருகாலத்துத் துணை, கேமரா கடையில் பங்காளி, பிரசாரத்தில் வலது கை. சட்டத்தின் கண்ணில் அவர் மில்க்குக்கு உறவினர் இல்லை. ஆனாலும் பதினாறு பதினேழு வருடம் விடாமல் வைத்திருந்தார். 1995-இல் அவரும் போய்விட்டார். அவருடைய அம்மாதான் அதையெல்லாம் சான் ஃபிரான்சிஸ்கோ பொது நூலகத்திடம் ஒப்படைத்தார். அதனால்தான் அந்தத் தொகுப்பின் பெயரிலேயே இரண்டு பேரும் இருக்கிறார்கள், ஹார்வி மில்க் காப்பகம், ஸ்காட் ஸ்மித் தொகுப்பு என்று. அந்த அம்மா "இந்தக் குப்பை எதற்கு" என்று நினைத்திருந்தால்? யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சந்தேகசிகாமணி

சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். இதற்குத் தனிக் காப்பகம் எதற்கு? தன்பாலீர்ப்பாளரான பார்னி ஃபிராங்க் முப்பது வருடத்துக்கு மேல் அமெரிக்க காங்கிரஸில் இருந்தார், அவர் காகிதங்கள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்தில் இருக்கின்றன, மற்ற எந்த காங்கிரஸ் உறுப்பினருக்கும் நடப்பதுதான். தேர்தல் என்றால் தேர்தல், ஓட்டு என்றால் ஓட்டு. வேட்பாளரின் படுக்கையறையை வைத்து அலமாரி பிரிப்பது கொஞ்சம் விபரீதமாகப் படவில்லையா?

பெட்டிதூக்கி

சிகாமணி, கேள்வி நியாயம்தான், ஆனால் நீங்கள் சொல்வது வேட்பாளருக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரு தேர்தலில் வேட்பாளர் ஒருத்தர், மீதி இருநூறு பேர் யார்?

நான் இரண்டு வருடம் ஒரு சின்னச் சமூகக் காப்பகத்தில் சம்பளமில்லாமல் பெட்டி பிரித்தேன், பெயர் வேண்டாம். வேலை என்னவென்றால், பெட்டியைத் திறக்க வேண்டும், துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை நகம் உடையாமல் கழற்ற வேண்டும், ரப்பர் பேண்ட் காகிதத்தோடு உருகி ஒட்டியிருக்கும், அதைச் சுரண்ட வேண்டும், அப்புறம் அமிலமில்லாத உறையில் போட்டு மேலே பென்சிலால் எழுத வேண்டும். பேனா கூடாது. அவ்வளவுதான், மாதக்கணக்கில் அதேதான். பிரசார பேட்ஜ்களைச் சிலர் காகிதத்திலேயே குத்தி வைத்திருப்பார்கள், நாற்பது வருடத்துக்கு அப்புறம் எடுத்தால் பேட்ஜின் வட்டம் செம்பழுப்பு நிறத்தில் வேட்பாளரின் முகத்துக்கு மேலேயே பதிந்திருக்கும்.

ஒருநாள் ஒரு ஷூ பெட்டி வந்தது. உள்ளே உள்ளங்கை அளவு அட்டைகள், முன்னூறு இருக்கும். ஒரு சபைத் தேர்தலுக்கான தொண்டர் அட்டைகள். பெயர், தொலைபேசி, எந்தக் கிழமை வரமுடியும், நடக்க முடியுமா, கார் இருக்கிறதா. வேட்பாளர் தோற்றுப்போனவர், நீங்கள் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கிட்டத்தட்ட கால்வாசி அட்டைகளில் ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு இருந்தது. வேறு வேறு கையெழுத்து, விஷயம் ஒன்றுதான். "வீட்டு எண்ணில் கூப்பிட வேண்டாம்." "கூப்பிட்டால் தையல் வகுப்பிலிருந்து என்று சொல்லவும்." "கடிதம் அனுப்பினால் உறை மேல் அமைப்பின் பெயர் வேண்டாம்." ஒரு அட்டையில் மட்டும், "எந்த நேரமும் கூப்பிடலாம், எல்லாருக்கும் தெரியும்" என்று இரண்டு தடவை அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. அந்த ஆளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

பெரிய பல்கலைக்கழகம் அந்த ஷூ பெட்டியை வாங்கியிருக்காது சிகாமணி. வாங்கினாலும் "தொண்டர் பட்டியல், இதர" என்று ஒரு வரி எழுதிப் போயிருப்பார்கள். ஏன் அந்தக் குறிப்பு அங்கே இருக்கிறது என்று புரிந்தவர்கள் கையில் பெட்டி போக வேண்டும், அதற்குத்தான் தனி இடம். இன்னொன்றும் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எய்ட்ஸில் போனவர்களின் வீட்டைக் காலி செய்ய வந்த உறவினர்கள் பலர் முதலில் அப்புறப்படுத்தியது இந்த மாதிரிக் காகிதங்களைத்தான். எத்தனை பிரசாரம் அப்படிக் குப்பைக்குப் போனது என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

சந்தேகசிகாமணி

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போது அடுத்த கேள்வி. அந்த முன்னூறு பெயரை வெளியே விடுவீர்களா மாட்டீர்களா? விடவில்லை என்றால் ஆய்வாளருக்கு என்ன பிரயோஜனம்? பூட்டி வைப்பதற்கு எதற்குக் காப்பகம், பேசாமல் பரணிலேயே இருந்திருக்கலாமே.

ஏழாம்பக்கம்

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மன்னிக்கவும். பட்டியல் என்பது சும்மா பட்டியல் இல்லை. 1933 மே மாதம் பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவரின் பாலியல் ஆய்வு நிறுவனத்துக்குள் நாஜி மாணவர்கள் புகுந்தார்கள், நாலு நாள் கழித்து அந்த நூலகத்தைப் பொதுச் சதுக்கத்தில் போட்டு எரித்தார்கள். தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய சட்டத்தை நீக்கச் சொல்லி ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாகுக்கு மனு மேல் மனு போட்ட இயக்கத்தின் இருப்பிடம் அது. 1977 டிசம்பர் 30 அன்று டொரொண்டோவில் தி பாடி பாலிடிக் என்ற தன்பாலீர்ப்பாளர் பத்திரிகையின் அலுவலகத்தில் போலீஸ் சோதனை போட்டபோது அள்ளிக்கொண்டு போனதில் சந்தாதாரர் பட்டியலும் இருந்தது. இன்றைக்கு ஆர்கைவ்ஸ் என்ற பெயரில் இருக்கும் கனடாவின் காப்பகம் 1973-இல் அந்தப் பத்திரிகையின் கோப்பு அலமாரியிலிருந்துதான் பிறந்தது. பட்டியல் போலீஸ் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"எழுபதுகளில் நடந்தது, இப்போது என்ன" என்று கேட்பீர்கள். அட்டையில் எழுதியவர் இன்றும் உயிரோடு இருக்கலாம். பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். தையல் வகுப்பு என்று பொய் சொல்லச் சொன்னவரை ஸ்கேன் பண்ணி இணையத்தில் ஏற்ற நமக்கு யார் உரிமை கொடுத்தது?

மேசைவிளக்கு

ஏழாம்பக்கம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பாதியை மட்டும் ஏன் என்று சொல்ல ஃபிராங்க் கேமனி கதைக்குப் போகிறேன், அங்கே பட்டியல் வேறு மாதிரி.

கேமனி வானியலாளர், ராணுவ வரைபட நிறுவனத்தில் வேலை. தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக 1957-இல் வேலையை விட்டுத் தூக்கினார்கள். மனிதர் சும்மா விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை தானே மனு எழுதிப் போனார். 1971-இல் வாஷிங்டன் நகரத்துக்கு காங்கிரஸில் ஓட்டுரிமை இல்லாத ஒரு பிரதிநிதி இடம் வந்தபோது அதற்கு நின்றார். வாக்குச்சீட்டில் பெயர் வரவே 5,000 கையெழுத்து வேண்டும். வாங்கினார்கள்! கிடைத்த ஓட்டு 1,888, நாலாவது இடம்.

கையெழுத்துப் போட்டவர்களைவிட ஓட்டுப் போட்டவர்கள் குறைவு என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. ஓட்டு ரகசியம், கையெழுத்து ரகசியம் இல்லை. பெயரும் விலாசமும் எழுதி, இந்த ஆள் நிற்கட்டும் என்று 5,000 பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் அரசாங்க வேலைக்காரர்கள் நிறைந்த ஊரில், சந்தேகத்தின் பேரிலேயே வேலை போகிற காலத்தில். முடிவு வந்ததும் அந்தப் பிரசாரக் குழு கலையவில்லை, அதிலிருந்துதான் வாஷிங்டனின் கே ஆக்டிவிஸ்ட்ஸ் அலையன்ஸ் என்ற உரிமை அமைப்பு உருவானது.

அவருடைய காகிதங்கள் 2006-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. மறியலில் பிடித்த அட்டைகளை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அவரை வேலையை விட்டுத் துரத்திய அதே அரசாங்கத்தின் நூலகம். அலமாரி பிரிக்கக்கூடாது என்ற சிகாமணிக்கு இது பிடிக்கும்.

நான் சொல்ல வருவது, வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டவர் தெரிந்தே வெளியில் வந்தவர். தொண்டர் அட்டையில் "வீட்டுக்குக் கூப்பிடாதே" என்று எழுதியவர் வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார். இரண்டையும் ஒரே பூட்டில் போடுவதும் தப்பு, ஒரே ஜன்னலில் வைப்பதும் தப்பு.

பெட்டிதூக்கி

ஆமாம், நாங்கள் செய்ததும் அதுதான். அட்டைகளைத் தனி உறையில் போட்டு ஒரு தேதி வரை மூடி வைத்தோம். பட்டியலில் மட்டும் "தொண்டர் அட்டைகள், சுமார் 300, பெயர் விவரம் மூடப்பட்டது" என்று இருக்கும். எத்தனை பேர், எந்தக் கிழமை, எத்தனை பேர் கார் வைத்திருந்தார்கள் என்பதையெல்லாம் பெயரில்லாமல் எடுத்துத் தரலாம். ஆய்வாளருக்குப் பெரும்பாலும் அது போதும். பெயர்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

புதுவரவு22

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஹார்வி மில்க்தான் வெளிப்படையாக நின்று ஜெயித்த முதல் ஆள் என்றுதானே படித்திருக்கிறேன்?

கோப்புக்கிறுக்கன்

இல்லை நண்பரே, அது கலிஃபோர்னியாவுக்கு வேண்டுமானால் சரி. 1974 ஏப்ரலில் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் கேத்தி கோசசென்கோ என்ற மாணவி நகர சபைக்கு ஜெயித்தார். வயது 21, வித்தியாசம் 52 ஓட்டு. ஹியூமன் ரைட்ஸ் பார்ட்டி என்ற குட்டிக் கட்சி. அதே கட்சியில் 1972-இல் ஜெயித்திருந்த நான்சி வெக்ஸ்லரும் ஜெர்ரி டிகிரீக்கும் பதவியில் இருக்கும்போதே தங்களைப் பற்றி வெளியே சொன்னவர்கள், ஆனால் நிற்கும்போது சொல்லவில்லை. சொல்லிவிட்டு நின்று ஜெயித்தவர் என்றால் கோசசென்கோ. அதே வருடம் நவம்பரில் எலெய்ன் நோபிள் மாசசூசெட்ஸ் மாநில சபைக்கு ஜெயித்தார். மில்க் அதற்கு மூன்று வருடம் பின்னால்.

கோசசென்கோவின் பெயர் ஏன் பரவவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம்தான் இருக்கிறது. ஒரு பதவிக்காலம் இருந்துவிட்டு அமைதியாக ஒதுங்கிக்கொண்டார். தன் பெயரைத் தானே தூக்கிப் பிடிக்கவில்லை. அந்தக் கட்சியின் காகிதங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பென்ட்லி நூலகத்தில் இருப்பதால் பிழைத்தோம், ஆனால் அவை கட்சியின் பெயரில்தான் இருக்கும். "தன்பாலீர்ப்பு" என்று தேடினால் முதலில் அகப்படுமா என்பது வேறு கதை.

நூற்பட்டியலார்

அந்த வேறு கதைக்குத்தான் நான் வந்தேன். என் வேலையே பட்டியல் போடுவதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஒரு பெட்டி இருப்பதும் அது கிடைப்பதும் ஒன்றல்ல. எந்தச் சொல்லின் கீழ் போட்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் 1970-களின் தொடக்கம் வரை ஹோமோசெக்ஷுவாலிட்டி என்ற தலைப்புக்குக் கீழே, பாலியல் வக்கிரம் என்பதையும் பார்க்கவும் என்று வழிகாட்டி இருந்தது. வேட்பாளரின் பிரசாரக் காகிதமும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்! நூலகர்களே சேர்ந்து சண்டை போட்டு மாற்றினார்கள். பிற்பாடு ஆம்ஸ்டர்டாமில் உள்ள இஹ்லியா காப்பகம் தங்களுக்கென்று ஒரு சொற்களஞ்சியம் உருவாக்கியது, அதுதான் வளர்ந்து இப்போது ஹோமோசாரஸ் என்று பல நூலகங்களில் புழங்குகிறது. பெயர் டைனோசர் மாதிரி இருந்தாலும் சாமான் உருப்படியானது.

இந்திய உதாரணம் ஒன்று. மத்தியப் பிரதேசத்தின் சோஹாக்பூரில் சட்டமன்ற உறுப்பினரான திருநர் ஷப்னம் மௌசியைப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் தேட வேண்டும் என்றால் இன்றைய மரியாதையான சொல் எதைப் போட்டாலும் ஒன்றும் வராது. அன்றைக்கு அச்சிட்ட, இன்றைக்கு நாம் வாயில் எடுக்காத சொற்களைப் போட்டால்தான் வரும். நல்ல பட்டியல்காரர் பழைய சொல்லை அழிக்க மாட்டார், ஆவணத்தில் உள்ளதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்றைய சொல்லைச் சேர்ப்பார். பழசை அழித்தால் அன்றைக்கு எப்படிப் பேசினார்கள் என்ற சாட்சியே போய்விடும்.

இன்னொருவர் கமலா ஜான். அதே மாநிலத்தில் கட்னி நகர மேயராக ஜெயித்தவர். அந்த இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, இவர் சட்டப்படி பெண் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. இந்தியத் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் "மற்றவர்" என்ற தெரிவைக் கொண்டுவந்தது 2009-இல்தான். அதற்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆண் அல்லது பெண் என்றுதான் பதிவாகியிருப்பார்கள், வேட்பாளர் பட்டியலை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கமலா ஜானைத் தேடிப் போகிறவர் தேர்தல் கோப்பைவிட்டு நீதிமன்றக் கோப்பில் இறங்க வேண்டும். ஒரு மனிதர் ஜெயித்ததற்கான முழுமையான பதிவு அவரை இறக்கிய வழக்கில் இருக்கிறது. இது நம் கோப்புக்கிறுக்கனின் கட்சிக்கு ஆதரவா எதிரா என்று அவரே சொல்லட்டும்.

இந்தியாவில் தனித் தொகுப்பு என்றால் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் குவாம்ரா இருக்கிறது. வழக்கு, இயக்கம் பற்றித்தான் அதிகம், ஆனால் மேலே சொன்ன காரணத்தால் வழக்கும் தேர்தலும் அடிக்கடி ஒட்டிக்கொண்டே வரும்.

கோப்புக்கிறுக்கன்

ஆதரவுதான்! நான் "தோற்றவர்" என்பதை இனிமேல் கொஞ்சம் அகலமாக எடுத்துக்கொள்கிறேன், ஜெயித்தும் தோற்கடிக்கப்பட்டவர்களையும் சேர்த்து.

ஏழாம்பக்கம்

எதிராளிகளின் காகிதத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்களே. அதையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது என் வாதம், சொன்னால் நண்பர்களே முகம் சுளிக்கிறார்கள்.

1983 பிப்ரவரியில் லண்டன் பெர்மாண்ட்ஸியில் இடைத்தேர்தல். தொழிற்கட்சி வேட்பாளர் பீட்டர் டாட்செல். அவர் அப்போது தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லக்கூட இல்லை, பத்திரிகைகள் சும்மா விடவில்லை. எந்த ராணிக்கு உங்கள் ஓட்டு என்று கேட்டு (ராணி என்பதற்கான ஆங்கிலச் சொல் தன்பாலீர்ப்பு ஆண்களைக் கேலி செய்யும் கொச்சையும்கூட), அரசியின் படத்தையும் டாட்செலின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அச்சிட்டவர் பெயரில்லாத துண்டறிக்கை ஒன்று வீடுகளுக்குள் வந்து விழுந்தது. லிபரல் கட்சியின் சைமன் ஹியூஸ் ஜெயித்தார், 44 சதவீதத்துக்கு மேல் ஓட்டு மாற்றம். 2006-இல் அதே ஹியூஸ் தனக்கும் ஆண்களோடு உறவு இருந்ததுண்டு என்று சொல்லி, அந்தப் பிரசாரத்துக்காக வருத்தம் தெரிவித்தார். அச்சிட்டவர்களே வைத்துக்கொள்ளாத துண்டறிக்கை அது, யாரோ ஒருவர் அருவருப்போடு மடித்து எடுத்து வைத்திருக்காவிட்டால் இன்றைக்கு நம்ப மாட்டார்கள். பத்திரிகைகள் என்ன எழுதின என்று பார்க்க லண்டன் பிஷப்ஸ்கேட் நிறுவனத்தில் லாக்னா என்ற செய்தி வெட்டுத் தொகுப்பு இருக்கிறது. வருடக்கணக்கில் கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு தொண்டர்கள் சேர்த்தது.

எதிராளியின் காகிதத்தைப் படித்தால் நமக்கு வசதியான கதையும் உடையும். 1978-இல் கலிஃபோர்னியாவில் தன்பாலீர்ப்பாளர்களை ஆசிரியர் வேலையிலிருந்து நீக்க பிரிக்ஸ் என்ற மாநில செனட்டர் ஒரு வாக்கெடுப்புக் கொண்டுவந்தார். ஆறாம் எண் முன்மொழிவு. மக்கள் 58 சதவீதம் வேண்டாம் என்று போட்டுத் தோற்கடித்தார்கள். அதை எதிர்த்து எழுதியவர்களில் ரொனால்ட் ரீகனும் ஒருவர். ஆமாம், குடியரசுக் கட்சிக்காரரும் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியுமான அதே ரீகன். குடியரசுக் கட்சிக்குள் இருந்த தன்பாலீர்ப்பாளர்கள் அமைப்பாகச் சேர்ந்ததும் அந்தச் சண்டையில்தான், லாக் கேபின் என்ற அவர்கள் அமைப்பின் பெயரெல்லாம் அங்கிருந்து வந்தது. அவர்கள் காகிதத்தைச் சேர்க்க மாட்டோம் என்றால் பாதி வரலாறுதான் மிஞ்சும்.

மேசைவிளக்கு

இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், கேள்வித்தாள்கள். நியூயார்க்கின் கே ஆக்டிவிஸ்ட்ஸ் அலையன்ஸ் 1970-இலேயே வேட்பாளர்களைத் துரத்தித் துரத்திக் கேள்வி கேட்டது, பதில் சொல்லாதவரின் கூட்டத்துக்குள்ளேயே போய் நின்றது. அவர்கள் காகிதங்கள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. அப்புறம் ஊருக்கு ஊர் கிளப்புகள் வந்தன, எல்லா வேட்பாளருக்கும் கேள்வித்தாள் அனுப்பும் வழக்கம் வந்தது. இந்த வகைக் காகிதம் எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். வேட்பாளர் தன் கையால் "ஆம்" என்று எழுதி, அப்புறம் அதை அடித்து "பரிசீலிப்பேன்" என்று எழுதிய தாளைப் பார்த்தால் ஒரு அரசியல்வாதியின் மனசு ஓடுவதே தெரியும். பதில் வராத கேள்வித்தாளும் ஆவணம்தான். யார் பதிலே போடவில்லை என்பதைக் கிளப்புக்காரர் ஒரு தாளில் கோடு போட்டு எழுதி வைத்திருப்பார், அந்தத் தாள்தான் தங்கம்.

தேசிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மனிதப் பாலியல் தொகுப்பு. நேஷனல் கே அண்ட் லெஸ்பியன் டாஸ்க் ஃபோர்ஸ், ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன் என்ற இரண்டு தேசிய உரிமை அமைப்புகளின் கோப்புகளும் அங்கே இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு பணம் போனது, யாரை ஆதரிப்பதில்லை என்று ஏன் முடிவெடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தேட வேண்டும்.

கரையான்

எல்லாரும் காகிதத்தையே பேசுகிறீர்கள். காகிதத்துக்கு எதிரி நெருப்பும் தண்ணீரும் என் இனமும்தான். நியூசிலாந்தில் 1986-இல் தன்பாலீர்ப்புச் சட்டச் சீர்திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய அதே வருடம் வெலிங்டனில் இருந்த தன்பாலீர்ப்பு ஆவண மையத்துக்குத் தீ வைத்தார்கள். தப்பியதை அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நெருப்புக்குத் தப்பிய அந்த நாட்டில்தான் 1995-இல் ஜார்ஜினா பேயர் கார்ட்டர்டன் மேயரானார், 1999-இல் நாடாளுமன்றத்துக்குப் போனார், வெளிப்படையாக அறியப்பட்ட திருநர் ஒருவர் ஒரு நாட்டு நாடாளுமன்றத்துக்கு ஜெயித்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

நெருப்பு வைக்காமலே போவது டிஜிட்டல். 2000-க்கு அப்புறம் நின்றவர்களின் பிரசாரத்தில் பாதி இணையதளத்தில் இருந்தது. களப்பெயருக்குக் கட்ட வேண்டிய பணத்தைத் தேர்தலுக்கு அடுத்த வருடம் யார் கட்டுவார்? இலவசமாக இணையப்பக்கம் போட இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடியபோது அதிலிருந்த சின்னச் சின்னப் பிரசாரப் பக்கங்கள் பலவும் சேர்ந்து போயின. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2000-இலிருந்தே தேர்தல் தளங்களைச் சேமிக்கிறது, நல்ல விஷயம், ஆனால் ஊர் சபைத் தேர்தல் வரை அவர்கள் கை எட்டாது. இப்போது எல்லாம் குழுச் செய்திகள். வேட்பாளரின் போன் மாறினால் வரலாறு மாறியது. பெட்டிதூக்கியின் ஷூ பெட்டி நாற்பது வருடம் தாங்கியது, இன்றைய தொண்டர் பட்டியல் ஒரு கடவுச்சொல்லோடு போய்விடும்.

சந்தேகசிகாமணி

இழை ஆரம்பத்தில் நான் கேட்டதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் பாதிக்கு மேல் இறங்கி வந்துவிட்டேன் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தையல் வகுப்பு மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பரண்

வணக்கம். இங்கே எழுதுவது முதல் தடவை, ரெண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று. என் நெருங்கிய நண்பர் ஒருவர் ரொம்ப வருடம் முன்னால் ஒரு சின்ன உள்ளாட்சித் தேர்தலில் நின்றார், தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட்டே நின்றார். கட்டுத்தொகை போய்விட்டது. அவர் இப்போது இல்லை. பிரசாரத்தில் மிஞ்சியது ஒரு அட்டைப் பெட்டி, மூன்று வீடு மாறியும் என்னோடுதான் வந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் யாராவது வாங்குவார்களா? நான் என்ன செய்ய வேண்டும்? ஒழுங்குபடுத்தித் தரவேண்டுமா?

பெட்டிதூக்கி

வாங்குவார்கள். முதலில் ஒரு வேண்டுகோள், தயவுசெய்து ஒழுங்குபடுத்தாதீர்கள்! அவர் எப்படி வைத்தாரோ அப்படியே இருக்கட்டும், எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் செய்திதான். லேமினேட் பண்ண வேண்டாம், செலோடேப் ஒட்டவே வேண்டாம். பேட்ஜ் ஏதாவது காகிதத்தில் குத்தியிருந்தால் மட்டும் கழற்றிவிடுங்கள். ஈரமில்லாத இடமா, படுக்கை வசத்தில் வையுங்கள்.

காப்பகத்தோடு பேசும்போது மூடிவைக்கும் தேதி பற்றி நீங்களே கேளுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மற்றவர்கள் பெயர் இருக்கும் தாள்களைக் கிழிக்காதீர்கள், தனியாகச் சொன்னால் போதும். அவருடைய குடும்பத்தில் யாருக்காவது இதில் உரிமை உண்டா என்பதையும் ஒரு வார்த்தை முதலிலேயே பேசிவிடுவது நல்லது, பின்னால் சண்டை வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், புகைப்படங்கள். யார் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். பின்பக்கம் ஓரத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயர் எழுதுங்கள். உங்களுக்கு அப்புறம் அதைச் சொல்ல ஆள் இல்லை.

கோப்புக்கிறுக்கன்

பரண், நீங்கள் எழுதியதற்காகவே இந்த இழையைத் தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை. திறக்க மனசு வரும்போது திறங்கள்.

பரண்

நேற்று ராத்திரி திறந்தேன். மேலேயே கட்டுத்தொகை கட்டிய ரசீது, ஒரு கிளிப்பில். அதற்குக் கீழே துண்டறிக்கை ஒரு கட்டு, அச்சகத்தில் கட்டிய சணல்கூட அவிழ்க்கவில்லை, அவ்வளவு மிஞ்சியிருக்கிறது. ஒரு நோட்டில் வீட்டுக்கு வீடு குறிப்பு: "நாய்", "ஓட்டு உண்டு", "கதவைச் சாத்தினார்", "தண்ணீர் கொடுத்தார்", "அம்மா அழுதார், ஏன் என்று சொல்லவில்லை". பாதிக் கையெழுத்து என்னுடையது. சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

ஒரு புகைப்படம் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறோம், அவர், நான், தொப்பி போட்ட ஒரு பெண். இரண்டு பெயரை எழுதிவிட்டேன். மூன்றாவது ஞாபகம் வரவில்லை. தினமும் வந்து உறைகளுக்குத் தபால்தலை ஒட்டிக் கொடுத்தவர், அது மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் காலத்து ஆட்களில் ஒருவர் எண் என்னிடம் இருக்கிறது. நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்கிறேன்.

பெட்டிதூக்கி

கேளுங்கள். கேட்கும்போதே அவருடைய பெயரை எழுதலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.